பசிக்காத எலி, பதறாத யோகி

டெல்லி ரிங் ரோட்டில் மோதி பாக் நிறுத்தத்தில் முத்ரிகா பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே கண்டக்டர் 'மெடிக்கல், மெடிக்கல்' என்று கூவுவார். எய்ம்ஸுக்கு டெல்லிக்காரர்கள் வைத்த பெயர் அது. நாங்கள் இருந்த மோதி பாக் அரசுக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகள் படிக்கத் தமிழ்ப் பள்ளியும் அங்கேயே உண்டு. ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய், விடியற்காலையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்பது எங்களைப் போன்ற பையன்களின் வேலை. மெடிக்கல் என்றால் எனக்கு அந்த வரிசைதான். அதே வளாகத்தில், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், யோகிகளின் தலையில் மின்முனைகளை ஒட்டிவைத்து, அவர்கள் தியானத்தில் ஆழ்ந்தபின் காதருகே பெரும் சத்தம் எழுப்பியும் சுடவைத்த கண்ணாடிக் குழாயால் உடம்பைத் தொட்டும் சோதித்திருக்கிறார்கள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

மூளை எப்படி மனமாகிறது என்ற கேள்வியை இந்தியாவில் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த முதல் முயற்சிகளில் அது முக்கியமானது. ஆனால் அந்தக் குழு கிளம்பிய இடம் தியானம் அல்ல, ஆன்மாவும் அல்ல. பசி. இது தற்செயலாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மனம் எங்கே இருக்கிறது என்று நம் முன்னோர் ஒருமித்து ஒன்றும் சொல்லிவிடவில்லை. சரக சம்ஹிதை உணர்வின் இருப்பிடமாக இதயத்தைக் காட்டுகிறது. பேல சம்ஹிதையோ மனம் தலைக்கும் அண்ணத்துக்கும் நடுவில் இருப்பதாகச் சொல்கிறது. தமிழில் நெஞ்சு என்ற ஒரே சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும்; பொறாமைக்கு வயிறு எரியும், பயத்துக்குக் குடல் கலங்கும். மூளைக்குப் பேச்சுத் தமிழில் கிடைத்த வேலை கெட்டிக்காரத்தனம் மட்டுமே. கிரேக்கத்திலும் இதே வழக்குதான்: ஹிப்பாக்கிரட்டஸ் மரபினர் மூளை என்றார்கள், அரிஸ்டாட்டில் இதயம் என்றார். 1664இல் லண்டனில் தாமஸ் வில்லிஸ் மூளையின் உடற்கூறு பற்றி வெளியிட்ட நூலும், 1861இல் பாரிஸில் பேச்சிழந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையின் இடப்பக்க முன்பகுதியில் பால் புரோக்கா கண்ட சேதமும் மேற்கில் வழக்கை ஓரளவு முடித்துவைத்தன. புரோக்காவின் முறை எளிது. ஓர் இடம் கெட்டால் எந்தத் திறன் போகிறது என்று பார். அந்தத் திறனின் இடம் அது. இந்தத் தர்க்கத்தில் ஒரு ஓட்டை உண்டு. அதை எலிகளிடம் வரும்போது பார்க்கலாம்.

பால் கிருஷன் ஆனந்த் 1917இல் பிறந்தவர். லாகூரில் மருத்துவம் படித்தவர். பிரிவினைக்குப் பிறகு டெல்லி லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்தார். ராக்ஃபெல்லர் நிதியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஜான் பிரோபெக்குடன் வேலை செய்தார். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியைச் சேதப்படுத்தினால் எலி தின்று தின்று பெருத்துவிடும் என்பது 1940இலேயே ஹெதரிங்டன், ரான்சன் இருவரின் வேலையால் தெரிந்திருந்தது. ஆனந்தும் பிரோபெக்கும் அதே மட்டத்தில் சற்றே வெளிப்புறமாக, இடமும் வலமும் கடுகளவு சேதம் செய்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் கெட்டால் எலி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. முன்னால் தீனி கிடக்கிறது. எலி அதைத் தொடவில்லை, பட்டினியில் செத்தது. நடுப்பகுதியை முன்பே சேதப்படுத்தியதால் கண்டபடி தின்றுகொண்டிருந்த எலிகளும், பக்கப்பகுதியைக் கெடுத்ததும் வாயை மூடிக்கொண்டன. ஆகவே பக்கவாட்டில் இருப்பது பசியைத் தூண்டும் மையம், நடுவில் இருப்பது அதற்குக் கடிவாளம் என்று இருவரும் முடிவு கட்டினார்கள். இது 1951. இன்றும் உடலியங்கியல் பாடநூல்களில் இந்த இரட்டை மையம் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது.

பசி உடம்பின் சங்கதிதானே, மனத்துக்கும் அதற்கும் என்ன என்று கேட்கலாம். பசி வந்தால் மானமும் குலமும் கல்வியும் பறந்துவிடும் என்று நம்புகிற ஊர்க்காரர்கள் அப்படிக் கேட்கமாட்டோம். வயிறு காலியாக இருப்பது உடம்பின் நிலை. சோறு வேண்டும் என்பது விருப்பம். செத்த எலிகளின் வயிறு காலிதான். இல்லாமல் போனது வேண்டும் என்ற அந்த ஒன்று. கத்தி முனையைவிடச் சிறிய இடம் ஒன்றைச் சுட்டு அழித்தால் ஒரு விருப்பம் அடியோடு போய்விடுமானால், விருப்பமும் திசுக்களில்தான் வாழ்கிறது. தத்துவ நூல்களில் வேட்கையை ஒழிப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்த நாட்டிலிருந்து போன ஒருவருக்கு இது என்னவாகப் பட்டிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு.

திரும்பி வந்த ஆனந்த் டெல்லியில் பூனைகளிலும் குரங்குகளிலும் அதே சோதனைகளைத் தொடர்ந்தார். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுரின் முனைப்பாலும் நியூசிலாந்தின் கொழும்புத் திட்ட நிதியாலும் எய்ம்ஸ் உருவானபோது, அதன் உடலியங்கியல் துறை அவர் கைக்கு வந்தது. உடன் குல்ஸார் சிங் சீனா இருந்தார். மூன்றாமவர் பல்தேவ் சிங். நரம்பியல் மருத்துவரான இவர் டெல்லிக்கு வரும் வழியில் நம் வேலூரைத் தொட்டுவிட்டு வந்தவர். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டிலேயே முதலாவதான நரம்பியல் துறையைத் தொடங்கியிருந்தார். பல்தேவ் சிங் அங்கே அவருடன் சேர்ந்தார். 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தோற்றுவித்தவர்கள் நான்கே பேர்: சாண்டி, பி. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங். ஒரு காரில் அடங்கிவிடக்கூடிய கூட்டம்.

பென்ஃபீல்ட் விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் தொட்டு அவர்களின் பழைய நினைவுகளைக் கிளறியவர். வேலூர் வழியாக வந்தது அந்த மரபு. யேல் வழியாக வந்தது பசியின் மரபு. இரண்டும் எய்ம்ஸ் இருக்கும் அன்சாரி நகரில் சந்தித்தன.

இனி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. கருவி. அதன் பிறப்பிலேயே ஒரு விநோதம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் இளைஞராக இராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி: பெர்கருக்கு ஏதோ ஆபத்து என்று தொலைவில் இருந்த அவர் சகோதரிக்குத் திடீரென்று தோன்றியதாம். மனத்திலிருந்து மனத்துக்குப் பாயும் ஆற்றல் ஏதோ இருக்கவேண்டும் என்று நம்பிய பெர்கர் அதைத் தேடி மூளைக்குள் போனார். 1924இல் மனித மண்டையின் மேலிருந்து மின்னலைகளைப் பதிவு செய்தார்; ஐந்து வருடம் தயங்கி 1929இல் வெளியிட்டார். தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தது ஆல்ஃபா அலை: கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது நொடிக்குப் பத்து முறை அளவில் சீராக எழுந்து தாழும் கோடு. கண்ணைத் திறந்தாலோ, சத்தம் கேட்டாலோ, யாராவது தொட்டாலோ அந்தச் சீர் உடைந்துபோகும். குளத்தில் கல் விழுந்தாற்போல என்று சொல்ல ஆசை. உண்மையில் நேர் எதிர். அசையாமல் இருக்கும்போதுதான் அலை, கல் விழுந்தால் அலை அடங்கும்.

யோகிகளைத் தேடி முதலில் வந்தவர்கள் மூளையை விட்டுவிட்டு இதயத்தைத்தான் பார்த்தார்கள். 1935இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் புரோஸ் எடுத்துச்செல்லக்கூடிய இ.சி.ஜி. கருவியுடன் இந்தியாவைச் சுற்றி, யோகி ஒருவர் தன் இதயத் துடிப்பை ஏறக்குறைய நிறுத்திக் காட்டியதாக எழுதினார். ஐரோப்பாவில் அது பெரும் பேச்சானது. 1957இல் கலிபோர்னியாவிலிருந்து மேரியன் வெங்கரும் மிச்சிகனிலிருந்து பாசு குமார் பாக்சியும் கருவிகளைச் சுமந்து வந்தார்கள். பாக்சியின் முன்கதை தனிக் கட்டுரைக்குத் தாங்கும். அவர் ஒருகாலத்தில் சுவாமி தீரானந்தர். பரமஹம்ச யோகானந்தரின் இளமைத் தோழர், அமெரிக்காவில் அவருக்கு உதவியாளராக இருந்தவர். காவியைக் களைந்துவிட்டு மூளை அலை ஆய்வாளராகி, துறந்த உலகத்தை அளந்துபார்க்கவே திரும்பி வந்தார்.

வெங்கர், பாக்சி, ஆனந்த் மூவரும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட கட்டுரையில், இதயத்தையோ நாடியையோ நிறுத்துவதாகச் சொன்ன நால்வரின் சோதனை இருக்கிறது. மைசூரை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்ட யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியும் அவர்களில் ஒருவர். மூச்சை இழுத்து அடக்கி, குரல்வளையை மூடி, வயிற்றுத் தசையையும் மார்புத் தசையையும் இறுக்கினால் மார்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி மங்குகிறது, மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு இதயம் நின்றுவிட்டது. இ.சி.ஜி. தாளில் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் மட்டும் துடிப்பை மெதுவாக்கிக் காட்டினார், அதுவும் தசைகளின் உதவியோடு.

இதைப் பொய்யை உடைத்த கதையாகச் சொல்வது சுலபம். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கட்டுரையின் தொனி. ஏளனமும் இல்லை, வக்காலத்தும் இல்லை. நாடி மறைவது நிஜம், அது பயிற்சியால் கைவந்த வித்தை, அதன் வழி தசை. அவ்வளவே. அதே ஆண்டு, காற்றுப் புகாத பெட்டிக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்த ராமானந்த யோகி பற்றி டெல்லிக் குழு எழுதியதிலும் இந்த நிதானமே. அவர் உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் ஓய்வுநிலைத் தேவையைவிடக் குறைந்தது என்பதை அளந்தார்கள், எழுதினார்கள். அற்புதம் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. சுதந்திரம் வந்த புதிதில் யோகத்தை உலகத்தின் முன் நிரூபித்துக்காட்டும் ஆசையும் அதை மூடநம்பிக்கை என்று தள்ளும் ஆசையும் ஒரே அளவு வலுவாக இருந்த நகரத்தில் இந்த நிதானம் எளிதில் வாய்த்திருக்காது. பசியை அளந்து பழகிய கை என்பதால் வாய்த்தது என்று நினைக்கிறேன். எலியின் பசிக்குக் கொடி பிடிப்பவர் யாரும் இல்லை அல்லவா.

மூளைக்கு வருவோம். கல்கத்தாவைச் சேர்ந்த என். என். தாஸும் மார்செய்யைச் சேர்ந்த ஆன்றி காஸ்தோவும் ஐம்பதுகளின் நடுவில் ஏழு யோகிகளைப் பதிவு செய்து, ஆழ்ந்த நிலையில் அலைகள் வேகம் பிடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது வேறு. யோகிகள் நான்கு பேர். சாதாரணமாக உட்கார்ந்திருந்தபோது அவர்கள் மூளையும் எல்லோர் மூளையையும் போலத்தான்: பளிச்சென்ற வெளிச்சம், பெரும் சத்தம், சூடான கண்ணாடிக் குழாய், அதிரும் இசைக்கவை, எதைக் கொண்டுவந்தாலும் ஆல்ஃபா உடைந்தது. சமாதி நிலைக்குப் போனபின் ஆல்ஃபா இன்னும் ஓங்கி எழுந்தது. அப்போது அதே வெளிச்சம், அதே சத்தம், அதே சூடு. கோடு அசையவில்லை.

இதற்கு அவர்கள் தந்த விளக்கம் அன்றைய புதுச் சரக்கிலிருந்து வந்தது. 1949இல் மொருஸியும் மகூனும் மூளைத்தண்டில் இருக்கும் வலைப்பின்னல் அமைப்பைத் தூண்டினால் உறங்கும் மூளை விழித்தெழும் என்று காட்டியிருந்தார்கள். அதற்கு முன் விழிப்பு என்பது புலன்கள் ஓயாமல் தட்டுவதால் வருவது என்ற எண்ணம் இருந்தது. யோகியிடமோ புலன்கள் தட்டுகின்றன, கதவு திறக்கவில்லை. ஆனாலும் அவர் உறங்கவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து வரும் தூண்டலை நம்பாமல் உள்ளிருந்தே விழிப்பைத் தாங்கும் ஏற்பாடு ஒன்று மூளையில் இருக்கவேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். நான்கு பேரை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போவது தாவல்தான். இன்றைய ஆய்விதழ் ஒன்று ஒப்பீட்டுக் குழு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. பத்தாண்டு இடைவெளியில் ஆனந்த் பார்த்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீனி முன்னால் இருக்கிறது, எலி நகரவில்லை. சூடு மேலே படுகிறது. யோகியின் ஆல்ஃபா நகரவில்லை. இரண்டு ஆய்விலும் சான்றாக நிற்பது நடந்த ஒன்று அல்ல, நடக்காத ஒன்று. நடக்காததைக் கருவி பதிவு செய்யும். ஏன் நடக்கவில்லை என்பதைப் பதிவு செய்யாது. வேண்டாததால் நடக்கவில்லையா, தெரியாததால் நடக்கவில்லையா, தெரிந்தும் விட்டுவிட்டதால் நடக்கவில்லையா? தாளில் மூன்றும் ஒரே கோடு. மனம் என்று நாம் சொல்வது இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான்.

புரோக்காவின் தர்க்கத்தில் ஓட்டை என்று சொன்னேனே, அது இங்கே திறந்துகொண்டது, முதலில் எலியின் பக்கம். 1954இல் டைட்டல்பாமும் ஸ்டெல்லாரும் அந்தப் பட்டினி எலிகளுக்குக் குழாய் வழியாக உணவு செலுத்தி உயிரோடு வைத்திருந்தார்கள். நாளாக ஆக எலிகள் தாமாகவே தின்னத் தொடங்கின. பசி நிரந்தரமாகச் செத்திருந்தால் எப்படித் திரும்பும்? 1971இல் சுவீடனின் ஊங்கர்ஸ்டெட் இன்னொரு அடி கொடுத்தார். அந்தப் பகுதியின் வழியே டோபமைன் நரம்பிழைகள் கடந்து போகின்றன. ஹைப்போதலாமஸைத் தொடாமல் அந்த இழைகளை மட்டும் வேறிடத்தில் அழித்தாலும் எலி சாப்பிடாமல் கிடக்கிறது. அதே ஆண்டு டைட்டல்பாம் குழு இன்னொன்றைக் கண்டது: சேதமுற்ற எலியைத் தொட்டாலும், மணத்தைக் காட்டினாலும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் சேதம் செய்தால் எதிர்ப்பக்க உடம்பில் மட்டும் இந்தப் பாராமுகம். அப்படியானால் தீனியை வேண்டாமென்று அந்த எலி விட்டதா, தீனி அங்கே இருப்பதே அதற்கு உறைக்கவில்லையா? ஆனந்தின் பசி மையம் கொஞ்ச காலம் வீதியில் கடந்துபோகும் கம்பியை வீடு என்று நினைத்த கதையாகப் பேசப்பட்டது. பிறகு 1998இல் அதே பக்கப்பகுதி செல்களில் ஒரெக்சின் என்ற வேதிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டதும் அவருக்குப் பாதி வழக்கு திரும்பக் கிடைத்தது. அந்த ஒரெக்சின் பசியோடு நிற்கவில்லை. விழித்திருப்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்று தெரியவந்தது. எலியிடம் பசியைத் தேடி, யோகியிடம் விழிப்பைத் தேடிய மனிதர் முதலிலேயே கை வைத்த இடத்தில் இரண்டும் இருந்தன.

யோகியின் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1966இல் ஜப்பானில் கசமட்சுவும் ஹிராயும் ஜென் துறவிகளைச் சோதித்தார்கள். அங்கே முடிவு நேர்மாறு: ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆல்ஃபா உடைந்தது, இருபதாவது சத்தமும் முதல் சத்தத்தைப் போலவே புதிதாக இருந்தது. சாதாரண மனிதருக்கு நாலைந்து முறை கேட்டால் பழகிவிடும். யோகி உலகத்துக்குக் கதவடைக்கிறார், ஜென் துறவி ஒவ்வொரு கணமும் திறந்துவைக்கிறார் என்று இரண்டு மரபுகளின் தத்துவத்துக்கும் இரண்டு வரைபடங்களும் அச்சாகப் பொருந்தின. இவ்வளவு அழகாகப் பொருந்தினால் சந்தேகம் வரவேண்டும். வந்தது. 1981இல் அமெரிக்காவில் பெக்கரும் ஷபீரோவும் ஜென், யோகம், ஆழ்நிலைத் தியானம் பழகியவர்களையும் பழகாத இரண்டு குழுக்களையும் சோதித்தார்கள். பழகாதவர்களில் ஒரு குழுவிடம் சத்தத்தைக் கவனியுங்கள் என்றார்கள், இன்னொன்றிடம் கண்டுகொள்ளாதீர்கள் என்றார்கள். ஆல்ஃபா உடைவதில் குழுக்களுக்குள் வேறுபாடு ஏதும் தென்படவில்லை. இதனால் டெல்லி முடிவு பொய் என்றாகிவிடாது. இமயத்திலும் ஆசிரமங்களிலும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்களும் நகரத்துத் தியானக்காரர்களும் ஒரே தராசில் நிற்பார்களா என்று கேட்க இடமுண்டு. நால்வரின் முடிவைத் தியானத்தின் பொது இலக்கணமாகப் படித்தவர்களுக்கு அது சரியான குட்டு. தியான ஆய்வு மீண்டும் சூடுபிடிக்க 2004 ஆகவேண்டியிருந்தது: திபெத்திய மரபில் நெடுங்காலம் பயின்ற எட்டுப் பேரின் மூளையில் வேகமான காமா அலைகள் ஓங்குவதாக விஸ்கான்சினிலிருந்து கட்டுரை வந்தது. தாஸும் காஸ்தோவும் சொன்ன வேகத்தை யாராவது அப்போது நினைத்துக்கொண்டார்களா தெரியாது.

டெல்லிக் கட்டுரையில் பலரும் தாண்டிப் போகும் இரண்டு சிறு செய்திகள் உண்டு. யோகம் கற்கத் தொடங்கியிருந்த புதியவர்களையும் அவர்கள் பதிவு செய்திருந்தார்கள். ஓய்வுநிலையிலேயே ஆல்ஃபா நன்றாகத் தெரிந்தவர்கள்தான் பயிற்சியில் ஊக்கமும் திறமையும் காட்டினார்களாம். தியானம் அந்த மூளையை உண்டாக்கியதா, அந்த மூளை இருந்தவர்தான் தியானத்துக்கு வந்து நிலைத்தாரா? மூளை மனத்தைச் செய்கிறதா, மனம் மூளையைச் செய்கிறதா என்ற பெரிய கேள்வி அங்கே ஒரு வரியில் எழுந்து, பதில் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டாவது செய்தி, சமாதி நால்வரைத் தவிர வேறு இரண்டு யோகிகளைப் பற்றியது. 4 டிகிரித் தண்ணீரில் கையை முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். டெல்லியில் ஜனவரிக் காலையில் குழாயைத் திறந்து பல் தேய்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். கையைத் தண்ணீரில் விடுவதற்கு முன்பும் ஆல்ஃபா, விட்ட பிறகும் அதே ஆல்ஃபா. வலி தாங்கும் எல்லை இவர்களுக்கு உயர்ந்திருக்கிறது என்று கட்டுரை சொல்கிறது. உயர்ந்திருக்கிறது என்பதைப் பேனா கீறிய கோடுகளிலிருந்து மட்டும் யாரும் படித்திருக்க முடியாது. கையை வெளியே எடுத்தபின் யாரோ கேட்டிருக்கவேண்டும், அவர்கள் வாயைத் திறந்து சொல்லியிருக்கவேண்டும்.